மழையை அளந்து இழப்பீடு: ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் அனுபவம்

விவசாயிக்குக் கடன் வழங்கும் எந்த வங்கியும் வானத்தைப் பார்க்காமல் இருக்க இயலாது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் விவசாயி. அக்கடன் திரும்பி வருமா என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் மழை. இந்த உண்மை நம் நாட்டைக் காட்டிலும் அழுத்தமாக வெளிப்படும் இடம் சஹாராவுக்குத் தெற்கே அமைந்துள்ள ஆப்பிரிக்கா. அங்குப் பயிரிடப்படும் நிலத்தில் சுமார் 95 சதவீதம் மழையை மட்டுமே நம்பியிருக்கிறது. வாய்க்கால் பாசனமும் கிணற்றுப் பாசனமும் மிகச் சிலருக்கே வாய்த்தவை.

அந்த மழைதான் இப்போது முறை தவறி வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்பு முனைப் பகுதியில் 2020-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி ஐந்து மழைப் பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. 2019 மார்ச்சில் வீசிய இடாய் புயல் மொசாம்பிக், மலாவி, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் விளைந்து நின்ற பயிர்களை நீரில் மூழ்கடித்தது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதமே. ஆயினும் பருவநிலை மாற்றத்தின் சுமையை முதலில் தாங்குபவர், அங்கு ஒன்றிரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் கம்பும் பயிரிடும் சிறு விவசாயியே. அவருக்குக் கைகொடுக்க நிதித்துறை மேற்கொண்ட முயற்சிகளையும், அவற்றின் வெற்றி தோல்விகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பஞ்சம் வருமுன்பே நேரும் இழப்பு

வறட்சி வந்தபின் ஏற்படும் இழப்பு அனைவர் கண்ணுக்கும் தெரிகிறது. வறட்சி வருமோ என்னும் அச்சத்தால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு எளிதில் புலப்படுவதில்லை. மழை பொய்த்தால் உரத்துக்குச் செலவிட்ட பணம் மண்ணோடு போய்விடும் என்று அஞ்சும் விவசாயி, நல்ல மழை பெய்யும் ஆண்டிலும் உரமிடத் தயங்குகிறார். அதிக விளைச்சல் தரும் விதையை வாங்காமல் பழைய விதையையே விதைக்கிறார். இதனால் நல்ல ஆண்டின் பலனும் அவருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை.

இத்தயக்கத்துக்குக் காரணம் பணமின்மையா, அச்சமா? வட கானாவில் பொருளியல் அறிஞர்கள் சிலர் இதை நேரடியாகச் சோதித்தனர். சில விவசாயிகளுக்கு ரொக்கம் வழங்கினர். சிலருக்கு மழைக் காப்பீடு வழங்கினர். சிலருக்கு இரண்டையும் வழங்கினர். 2014-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு வங்கியாளர்களாகிய எங்களைச் சிந்திக்க வைப்பது. காப்பீடு பெற்றவர்கள் தங்கள் நிலத்தில் கணிசமாகக் கூடுதல் முதலீடு செய்தனர். அதற்கான பணத்தையும் அவர்களே எவ்வாறோ திரட்டிக்கொண்டனர். ரொக்கம் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய மாற்றம் பெரிதாக ஏற்படவில்லை. கடன் வழங்கினால் விவசாயம் வளரும் என்பது பாதி உண்மையே. இடரைக் குறைத்தால்தான் கடனும் பயன்தரும் என்பது மீதிப் பாதி.

மழைமானியே சாட்சி

அப்படியாயின், அனைவருக்கும் பயிர்க் காப்பீடு வழங்கிவிடலாமே என்று தோன்றும். வழக்கமான பயிர்க் காப்பீட்டில், இழப்பு நேர்ந்ததும் ஒருவர் வயலுக்குச் சென்று பார்வையிட்டு மதிப்பிட வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்துக்காக மண் சாலையில் நெடுந்தொலைவு சென்று வருவதற்கு ஆகும் செலவு, அந்நிலத்துக்கான பிரீமியத்தைக் காட்டிலும் கூடுதலாகிவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததே வானிலைக் குறியீட்டுக் காப்பீடு. இதில் பயிரை யாரும் பார்வையிடுவதில்லை. அருகிலுள்ள வானிலை நிலையத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவாக வேண்டிய மழையின் அளவு ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்படுகிறது. மழை அந்த அளவுக்குக் குறைந்தால், அப்பகுதியில் காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு வழங்கப்படுகிறது. விண்ணப்பமும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. இத்தகைய காப்பீட்டின் முன்னோடிகளுள் நம் நாடும் ஒன்று என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. 2003-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்காக பேசிக்ஸ் நிறுவனமும் ஐசிஐசிஐ லொம்பார்டு நிறுவனமும் இணைந்து இதனை அறிமுகப்படுத்தின.

கென்யாவில் 2009-இல் 'கிலிமோ சலாமா' என்னும் திட்டம் தொடங்கியது. சுவாஹிலி மொழியில் இதற்குப் 'பாதுகாப்பான விவசாயம்' என்று பொருள். சின்ஜென்டா அறக்கட்டளை, யுஏபி காப்பீட்டு நிறுவனம், சஃபாரிகாம் தொலைபேசி நிறுவனம் ஆகியவை இதில் கைகோத்தன. முதலில் லைக்கிப்பியா பகுதியில் 200 விவசாயிகளுடன் சோதனை நடந்தது. விவசாயி தம் ஊர்க் கடையில் விதையோ உரமோ வாங்கும்போதே, அதன் விலையோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துச் செலுத்தினால் போதும். கடைக்காரர் தம் கைபேசியால் பையின் மீதுள்ள பட்டைக் குறியீட்டைப் படம்பிடிப்பார். காப்பீடு உறுதியானதாக விவசாயிக்குக் குறுஞ்செய்தி வந்து சேரும். சூரிய மின்சக்தியால் இயங்கும் வானிலை நிலையங்கள் மழையை அளந்து அனுப்பும். மழை பொய்த்தால், 2007-இல் கென்யாவில் அறிமுகமான எம்-பெசா கைபேசிப் பணச் சேவை வழியாகத் தொகை நேரே விவசாயியைச் சேரும். ஒரு மூட்டை விதைக்குக்கூடக் காப்பீடு பெறலாம் என்பதே இதன் சிறப்பு.

பசுமையை அளக்கும் செயற்கைக்கோள்

வட கென்யாவின் மர்சாபித் வறண்ட நிலம். அங்கு வாழ்வோருக்குக் கால்நடைகளே சொத்து, சேமிப்பு, கௌரவம் எல்லாம். 2010 ஜனவரியில், நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அங்குக் கால்நடைக் காப்பீடு தொடங்கப்பட்டது. இதில் அளவுகோல் மழைமானி அன்று. மேய்ச்சல் நிலம் எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. பசுமை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் இழப்பீடு வழங்கப்படுகிறது.

2011-இல் கடும் வறட்சி வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் முதல் இழப்பீடு வழங்கப்பட்டது. காப்பீடு செய்திருந்த குடும்பங்களுள் ஓரளவு வசதி படைத்தவை தம் கால்நடைகளை அடிமாட்டு விலைக்கு விற்பது குறைந்தது. ஏழைக் குடும்பங்கள் உணவு வேளைகளைக் குறைத்துக்கொள்வது குறைந்தது. கறவைப் பசுவை விற்ற குடும்பம் வறட்சி முடிந்த பின்னும் எழ முடியாது. பசியோடு வளரும் குழந்தையின் இழப்பு வாழ்நாள் முழுதும் தொடரும். இவ்விரண்டையும் காப்பீட்டால் ஓரளவேனும் தடுக்க முடிந்தது. பிற்காலத்தில் இத்திட்டத்தில் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. கால்நடைகள் மடிந்த பிறகு பணம் கொடுப்பதைவிட, மடிவதற்கு முன்பே கொடுத்தால் தீவனம் வாங்கிக் காப்பாற்றலாம் அல்லவா? அதற்கேற்ப இழப்பீட்டுக் காலம் முன்னே நகர்த்தப்பட்டது.

உழைப்பே பிரீமியம்

ரொக்கமே இல்லாதவர் பிரீமியம் செலுத்துவது எப்படி? இக்கேள்விக்கு எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதி விடை கண்டது. 2009-இல் அடி ஹா என்னும் கிராமத்தில், டெஃப் எனப்படும் சிறுதானியம் பயிரிடுவோருக்காக ஆக்ஸ்ஃபாம் அமெரிக்கா, டிக்ரே நிவாரணச் சங்கம், சுவிஸ் ரீ மறுகாப்பீட்டு நிறுவனம் முதலியவை இணைந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதன்படி மிக வறிய விவசாயிகள் பிரீமியத்துக்குப் பதிலாக உழைப்பைத் தரலாம். தொழுவுரம் தயாரித்தல், மண் அரிப்பைத் தடுத்தல், மழைநீரைத் தேக்குதல் போன்ற பணிகளே அந்த உழைப்பு. ஆகவே, காப்பீடு ஒருபுறமிருக்க, நிலமும் வறட்சியைத் தாங்கும் வலிமை பெற்றது. 2011 முதல் உலக உணவுத் திட்டத்தின் துணையோடு இம்முறை வேறு நாடுகளுக்கும் விரிவடைந்தது. இடரைக் குறைத்தல், இடரைக் காப்பீட்டுக்கு மாற்றுதல், சேமித்தல், துணிந்து கடன் பெற்று முதலிடுதல் ஆகிய நான்கும் அதன் தூண்கள்.

மலாவி தரும் எச்சரிக்கை

குறியீட்டுக் காப்பீட்டுக்கு ஒரு பெருங்குறை உண்டு. மழைமானி ஓரிடத்தில் இருக்கும். வயல் வேறிடத்தில் இருக்கும். கருவி காட்டும் அளவுக்கும் வயலில் நேர்ந்த இழப்புக்கும் இடைவெளி விழுந்தால், பயிரை இழந்தவருக்குப் பணம் வராமல் போகலாம்.

இது ஒரு நாட்டுக்கே நேர்ந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆதரவில் இயங்கும் 'ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெபாசிட்டி' அமைப்பு தனி விவசாயிகளுக்கு அல்லாமல் அரசுகளுக்கே வறட்சிக் காப்பீடு வழங்குகிறது. மலாவி அரசு 2015-16 பருவத்துக்காக ஏறத்தாழ 47 லட்சம் டாலர் பிரீமியம் செலுத்தியிருந்தது. அப்பருவத்தில் மழை பொய்த்தது. 2016 ஏப்ரலில் தேசியப் பேரிடர் அறிவிக்கப்பட்டது. 65 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உணவின்றித் தவிக்கும் நிலை உருவானது. ஆனால் காப்பீட்டின் கணினி மாதிரியோ, பாதிக்கப்பட்டோர் மிகச் சிலரே என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்கு இடமில்லை என்றது.

காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. நீண்ட நாட்களில் முதிரும் மக்காச்சோளத்தை விவசாயிகள் பயிரிடுவதாக அம்மாதிரியில் பதிவாகியிருந்தது. அவர்களோ குறுகிய நாட்களில் முதிரும் ரகங்களுக்கு மாறியிருந்தனர். பதிவில் இருந்த பயிர் ஒன்று, வயலில் இருந்த பயிர் வேறொன்று. தகவல் திருத்தப்பட்ட பின், 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 81 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. பணம் வந்தது உண்மையே. பசித்தவர்களுக்கோ அது பல மாதங்கள் தாமதமாக வந்தது.

எப்போது கேட்பது என்பதே கேள்வி

நல்ல காப்பீடாக இருந்தும் விவசாயிகள் வாங்காததை அறியாமை என்று ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. கென்யாவின் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு இதை மறுக்கிறது. பிரீமியத்தை முன்கூட்டியே செலுத்தச் சொன்னபோது 5 சதவீதத்தினரே சேர்ந்தனர். அதே காப்பீட்டுக்கு, அறுவடைத் தொகையில் பிரீமியத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றபோது 72 சதவீதத்தினர் சேர்ந்தனர். விதைப்புக் காலத்தில் விவசாயியின் கையில் பணம் இராது. அப்போது கேட்பவருக்கு 'வேண்டாம்' என்னும் பதிலே கிடைக்கும். நம் கடன் தவணைகள் அறுவடையை ஒட்டி அமைய வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதும் இக்காரணம் பற்றியே.

காப்பீட்டுக்கு அப்பால்

காப்பீடு மழையைக் கொண்டுவராது, மண்ணையும் வளப்படுத்தாது. அந்தப் பணியை ஆப்பிரிக்க விவசாயிகள் தம் கைகளாலேயே செய்து காட்டியுள்ளனர். புர்கினா ஃபாசோவில் யாகூபா சவாடோகோ என்னும் விவசாயி, 'ஜாய்' எனப்படும் மரபான குழிமுறையை 1980-களில் மேம்படுத்தினார். கோடையிலேயே குழிகளை ஆழமாகவும் அகலமாகவும் வெட்டி எருவிட்டார். கறையான்கள் அங்கு வந்து மண்ணைத் துளைத்து இளக்கின. பெய்த சிறு மழையும் குழிக்குள் தேங்கியது. தரிசாகக் கிடந்த நிலத்தில் தானியமும் பின்னர் ஒரு காடும் வளர்ந்தன. 2018-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. நைஜரில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் துளிர்க்கும்போது, அவற்றை அழிக்காமல் கிளைகளைக் கழித்து வளர்க்கும் எளிய முறையால் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் நிலம் மீண்டும் மரங்களைப் பெற்றது.

அதே நைஜரின் மராடி பகுதியில் 1991-இல் கேர் அமைப்பின் துணையோடு பெண்கள் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினர். வாரந்தோறும் சிறு தொகையைச் சேர்ப்பது, அதிலிருந்தே தமக்குள் கடன் கொடுப்பது, ஆண்டிறுதியில் வட்டியோடு பிரித்துக்கொள்வது என்பதே முறை. இன்று ஆப்பிரிக்காவெங்கும் அது பரவியுள்ளது. நம் சுய உதவிக் குழுக்களை அறிந்த வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓர் ஆடு நோயுற்றாலும் ஒரு வாரம் உணவுக்கு இல்லாவிட்டாலும் காப்பீட்டை நாட முடியாது, சேமிப்பே உதவும். சிறு இழப்புக்குச் சேமிப்பு, பெரு இழப்புக்குக் காப்பீடு, வளர்ச்சிக்குக் கடன் என்னும் வரிசை எந்நாட்டுக்கும் பொருந்தும்.

நாம் மேற்கொள்ள வேண்டியவை

மலாவியின் அனுபவம் நம் விவசாய வாடிக்கையாளர்களுக்கும் ஒரு நேரடிச் செய்தியைத் தருகிறது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் விவசாயி செலுத்தும் பிரீமியம் காரீஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி பருவத்தில் 1.5 சதவீதம்; வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம். பயிர்க்கடன் பெற்றவர்களுக்கும் 2020 காரீஃப் முதல் இது விருப்பத்தின்பாற்பட்டதே.

கிசான் கடன் அட்டை பெறும்போது குறிப்பிட்ட பயிரை விடுத்து வேறு பயிரை விதைத்திருந்தால், இறுதி நாளுக்கு முன்பே கிளையில் தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கோடு இணைந்த கைபேசி எண் தற்போது பயன்பாட்டில் உள்ளதா என்று உறுதி செய்யுங்கள். ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் தங்கள் வயலில் மட்டும் சேதம் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தாருங்கள். பதிவேட்டில் உள்ள பயிரும் வயலில் உள்ள பயிரும் ஒன்றாக இருந்தால்தான் உரிய நேரத்தில் உரிய தொகை வந்து சேரும். அடுத்த முறை கிளைக்கு வரும்போது தங்கள் காப்பீட்டு விவரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.