நிலக் கணக்கில் நடு அளவு காணும் முறை

ஒரு கிராமத்தில் சாதாரண விவசாயிக்கு எவ்வளவு நிலம் உண்டு என்று கேட்டால், மொத்த விஸ்தீரணத்தைப் பட்டாதாரர் தொகையால் வகுத்து வரும் சராசரியைச் சொல்வதே வழக்கம். பெருநிலமுடையவர் இரண்டொருவர் இருப்பினும் இச்சராசரி உயர்ந்துவிடும். அதைக்கொண்டு சிறு விவசாயியின் நிலைமையை மதிப்பிடுதல் தவறாக முடியும். இதற்குப் பரிகாரம் நடு அளவாகும். பட்டாதாரர் யாவரையும் நிலத்தின் ஏறுவரிசையில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்பவருடைய நிலமே நடு அளவு. கணித நூல்கள் இதனை இடைநிலை அளவு என்று கூறும்.

ஒவ்வொருவராக வரிசைப்படுத்த வேண்டுவதில்லை. சிட்டாவைப் பார்த்துப் பிரிவுவாரியாகப் பேர்களை எண்ணினால் போதுமானது. ஒருவருக்கே பல பட்டாக்கள் இருப்பின், அவற்றை ஒன்றுகூட்டி ஒரே பேராகக் கொள்க. ஒரு பிரிவின் மேலெல்லையைச் சரியாக உடையவரை அடுத்த பிரிவில் சேர்க்கவும். உதாரணமாக, 120 பட்டாதாரர் உள்ள ஒரு கிராமத்தின் கணக்கு பின்வருமாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

0 – 1 ஏக்கர்: 36 பேர், சேர்ந்த தொகை 36
1 – 2 ஏக்கர்: 40 பேர்; சேர்ந்த தொகை 76
2 – 4 ஏக்கர்: 26 பேர், சேர்ந்த தொகை 102
4 – 8 ஏக்கர்: 12 பேர், சேர்ந்த தொகை 114
8 – 16 ஏக்கர்: 4 பேர், சேர்ந்த தொகை 118
16 – 32 ஏக்கர்: 2 பேர், சேர்ந்த தொகை 120

சேர்ந்த தொகையாவது, அப்பிரிவு முடிய உள்ள பேர்களின் கூட்டு.

1. மொத்தத்தில் பாதி 60.
2. சேர்ந்த தொகை 60ஐ முதலில் எட்டும் பிரிவு 1 – 2 ஏக்கர். நடு அளவு இதனுள் அடங்கும்.
3. இதற்கு முன் கழிந்தவர் 36 பேர்; பாதியை எட்ட இன்னும் 24 பேர் வேண்டும்.
4. இப்பிரிவில் உள்ளவர் 40 பேர். 24ஐ 40ஆல் வகுக்க 0.60. பிரிவின் அகலமாகிய 1 ஏக்கரால் இதைப் பெருக்கி, கீழெல்லையாகிய 1 ஏக்கருடன் கூட்டினால் 1.60, அதாவது 1 ஏக்கர் 60 சென்ட்.

அட்டவணையின் நடு வரியை நடு அளவு என்று எண்ணிவிடலாகாது. பாதியாக்க வேண்டியது பேர்களையே அன்றி வரிகளை அன்று.

இனி, ஒவ்வொரு பிரிவின் மத்திய அளவைப் பேர்த்தொகையால் பெருக்கிக் கூட்டினால் 324 ஏக்கராகும்; சராசரி 2 ஏக்கர் 70 சென்ட். ஆனால் 76 பேருக்கு 2 ஏக்கர்கூட இல்லை. மொத்தத்தில் எவ்வளவு விதை நெல் வேண்டும் என்று அறியச் சராசரியே தக்கது. அதனைப் பேர்த்தொகையால் பெருக்க மொத்த நிலம் வந்துவிடும். சாதாரண விவசாயிக்கு எத்தகைய கருவி கட்டுபடியாகும், எவ்வளவு கடன் தாங்கும் என்று அறிய நடு அளவே துணை செய்யும். கடைசிப் பிரிவு “16 ஏக்கருக்கு மேல்” என்று மாத்திரம் எழுதப்பட்டிருந்தாலும் நடு அளவு மாறாது. சராசரிக்கோ அங்கே ஓர் உத்தேசம் வேண்டியிருக்கும்.

தேசம் முழுவதற்கும் இவ்வேற்றுமை காணப்படுகிறது. 2015-16ஆம் வருஷத்து இந்திய விவசாயக் கணக்கெடுப்பின்படி சாகுபடிக் கைப்பற்றுகள் சுமார் 14.65 கோடி, சராசரி 1.08 ஹெக்டேர். அவற்றுள் 1 ஹெக்டேருக்குக் குறைந்தவை மாத்திரம் சுமார் 10.03 கோடி. பாதியாகிய 7.32 கோடி முதற் பிரிவிலேயே அடங்கிவிடுவதால், மேற்கூறிய முறைப்படி நடு அளவு சுமார் 0.73 ஹெக்டேர் என்று வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிவுக்குள் பேர்கள் சமமாகப் பரவியுள்ளனர் என்பதே இம்முறையின் ஆதாரம். அவ்வாறாயின் முதற் பிரிவின் சராசரி 0.50 ஹெக்டேராக இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பிலோ அது 0.38 மாத்திரமே. ஆகவே உண்மையான நடு அளவு 0.73க்கும் குறைந்ததாகவே இருக்கக்கூடும். பேர்கள் நெருங்கியுள்ள இடத்தில் பிரிவுகளைச் சிறியனவாக அமைத்தால் இப்பிழை குறையும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் நிலச்சுவான்தார்களும் தங்கள் கிராமக் கணக்கில் சராசரியையும் நடு அளவையும் அருகருகே குறித்து வருவது நலம். இரண்டுக்கும் இடைவெளி மிகுந்திருப்பின், சராசரியை நம்பிச் செய்யும் ஏற்பாடு பெரும்பாலோருக்குப் பொருந்தாது என்று அறிந்துகொள்ளலாம்.