மழை இரவும் மனவிழிப்பும்

பாடவேளை நடுவே மழை தொடங்கிற்று. தகரக் கூரையில் முதற்றுளிகள் விழுந்த ஓசை கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த கைகள் யாவும் ஒருங்கே நின்றன. மாணாக்கர் எவரும் பேசினாரில்லை. எல்லார் விழிகளும் சாளரத்துக்கு அப்பாலுள்ள மலைச்சரிவை நாடின. பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், இந்த மழை விடுமா?" என வினவினான். மழையைப் பற்றி அவனைவிட அதிகமாக நான் அறிந்தது ஒன்றுமில்லை. எனினும், "விடும், இரு" என்று கூறிக் கரும்பலகையின் பக்கம் திரும்பினேன். வெண்கட்டியைப் பற்றியிருந்த என் விரல்கள் நடுங்கியதை அவன் கண்டிருக்கமாட்டான்.

கடுகண்ணாவையில் வாழ்வோர்க்கு மழை புதிதன்று. மழையைக் கண்டு அஞ்சுவதுதான் புதிது. 2025 நவம்பர் 22ஆம் நாள் பஹல கடுகண்ணாவையில், கொழும்பு - கண்டி வீதியோரத்துக் கடையொன்றின் மீது பாறையும் மண்ணும் சரிந்து உயிர்களைக் கொண்டன. அத்துயர் ஆறுமுன், அதே மாத இறுதியில் டித்வா புயல் வந்தது. தீவெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் நம் கண்டி மாவட்டத்தவர். வீதிகளைச் செப்பனிடப் பொறியியலாளர் உளர். கூரைமேல் தூறல் விழுந்தால் திடுக்கிட்டெழும் நெஞ்சைச் செப்பனிடுபவர் யார்?

நகரத்து நண்பர் ஒருவர் என் உறக்கமின்மையைக் கேள்வியுற்று, கைத்தொலைபேசியிலே ஒரு செயலியை நிறுவித் தந்தார். மேனாட்டுப் பெண்மணி ஒருவர் இனிய குரலில் ஆங்கிலத்தில், மூச்சைக் கவனிக்குமாறு பணித்தார். மனவிழிப்புப் பயிற்சியாம்! அமெரிக்காவிலே மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபற்-சின் என்பார் 1979இல் நோயாளர்க்கென ஆரம்பித்த முறையின் வழித்தோன்றல் அது. வேடிக்கை யாதெனின், அவர் தமக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்றெனக் குறிப்பிடும் நூலை எழுதியவர், நம் ஊரிலிருந்து சுமார் பத்துக் கல் தொலைவிலுள்ள உடவத்தகலைக் காட்டுக் குடிலில் நெடுங்காலம் வாழ்ந்த துறவியாவார். முற்றத்து முல்லையின் மணம் கடல்கடந்து போய்த் திரும்பிவந்த பின்னரே நமக்கு எட்டுகிறது.

அவர் ஞாணபோனிக்க மகாதேரர். 1901இல் ஜேர்மனியின் ஹானாவு நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவரது இயற்பெயர் சீக்மண்ட் ஃபெனிகர். ஹிட்லரின் ஆட்சி யூதரை நெரிக்கத் தொடங்கிய காலத்தில், 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டார். 1939இல் அன்னையையும் இங்கே அழைத்துக்கொண்டார். அவ்வாண்டே போர் மூண்டது. ஜேர்மனியிலிருந்து உயிர்தப்பி வந்தவரை, ஜேர்மனியர் என்ற காரணத்துக்காகவே ஆங்கில அரசு சிறைவைத்தது! முதலில் தியத்தலாவை முகாம். பின்னர் இமயத்தின் அடிவாரத்திலுள்ள டேராடூன். அன்னை கொழும்பில், மைந்தன் முள்வேலிக்குள். 1946இல்தான் விடுதலை கிடைத்தது. அவ்வாண்டுகளில் அவர் செய்ததென்ன? பாளி நூல்களை மொழிபெயர்த்தார், தியானம் பயின்றார். 1952இல் பர்மா சென்று மகாசி சயாதோவிடமும் பயிற்சி பெற்றார். பௌத்த தியானத்தின் இதயம் பற்றிய அவரது நூல் 1954இல் கொழும்பில் வெளியாயிற்று. 1958இல் நண்பர் இருவருடன் அவர் நிறுவிய பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் கண்டியிலேயே இயங்கிவருகிறது. 1994இல் மறைந்தார்.

பாளியிலே இதனைச் 'சதி' என்பர். தமிழ்க் காதுக்கு அது சூழ்ச்சியெனப் படும். வடமொழியில் 'ஸ்மிருதி', அதாவது நினைவு. இந்நாட்டில் குடியியற் சேவையிலிருந்த ரைஸ் டேவிட்ஸ் என்பாரே 1881இல் அதற்கு இன்று உலகம் வழங்கும் ஆங்கிலச் சொல்லைத் தம் மொழிபெயர்ப்பில் வைத்தார். நம் பத்திரிகைகள் சில அதை 'மனநிறைவு' எனப் பெயர்க்கின்றன. நிறைவு வேறு, விழிப்பு வேறு. மனம் நிறையாதபோதும் விழித்திருக்கலாமே.

தேரர் வற்புறுத்தியது வெறும் அவதானம். புலனுக்கும் மனத்துக்கும் எட்டுவதை, விருப்பு வெறுப்பென்னும் சாயம் பூசாது, உள்ளபடி குறித்துக்கொள்ளுதல். மழை இரவில் இதனை நான் பரீட்சித்துப் பார்த்தேன். காதில் விழுவது ஓசை. மார்பில் எழுவது இறுக்கம். 'மலை இறங்கப் போகிறது' என்பதோ ஓசையுமன்று, இறுக்கமுமன்று. அது ஓர் எண்ணம். மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடந்தவரை நான் அதன் கைதி. பிரித்துப் பார்த்தபோது அச்சம் ஓடிவிடவில்லை. ஆனால் அதன் உருவம் சிறுத்தது. சைவனாகிய எனக்கு, எல்லாவற்றையும் பார்த்திருக்கும் சாட்சியைப் பற்றி நம் பெரியோர் கூறியது நினைவுக்கு வந்தது. எனினும் இரண்டும் ஒன்றே எனச் சாதிப்பது பொருந்தாது. ஆன்மா உண்டென்பாரும் இல்லையென்பாரும் அவ்வளவு எளிதில் கைகுலுக்கிவிடமாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மலைச்சரிவில் வாழ்பவனிடம் "மூச்சைக் கவனி, எல்லாம் சரியாகும்" என்பது கொடுமை. மலை உண்மையாகவே இறங்கக்கூடும். உள்ளதை உள்ளபடி காண்பதென்றால் மழையையும் அளந்து காணவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் கணக்கு வகுத்துள்ளது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 ஆனால் ஆயத்தமாதல், 150 ஆனால் வீட்டைவிட்டு வெளியேறுதல். நிலத்தில் புதுவெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் இலக்கத்துக்காகக் காத்திருத்தலாகாது. கண்மூடி அமர்ந்தால் புதையுண்டோர் முகங்களே தோன்றுகின்றன என்போரும் உளர். அன்னாரை அமர்த்தி வற்புறுத்தாது, வைத்தியரிடம் அழைத்துச் செல்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துடனும் பேசலாம்.

அம்மாணவனுக்கு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுடைய போத்தலொன்றையும் ஓர் அளவுகோலையும் கொடுத்து, திறந்த முற்றத்தில் வைக்கச் சொன்னேன். "மழை பெய்யும் இரவில் எழுந்தால் மூன்றை எழுதி வா: எவ்வளவு பெய்தது, வெளியே என்ன கேட்டது, உனக்குள் என்ன இருந்தது." அவன் தலையசைத்தானேயன்றி நம்பியதாகத் தெரியவில்லை. சரிவின் கீழேதான் அவன் வீடு; அடுத்த வீடு இப்போது இல்லை.

சென்ற வாரம் அப்பியாசக் கொப்பியை நீட்டினான். பென்சிலால் எழுதப்பட்ட சில வரிகள். கடைசி வரி இவ்வாறிருந்தது: "இரவு 11 மணி. 12 மில்லிமீற்றர். தவளைச் சத்தம். பயம் இருந்தது. அம்மம்மாவும் விழித்திருந்தா. அளவைச் சொன்னேன், அவ படுத்துவிட்டா."