மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரினும் குடிக்க மறுத்த டட்சனும்

சீனன்குடாவில் எங்கள் வளவில் வேப்பமரத்தின் கீழ் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பாவின் டட்சன் சன்னி, 1980 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மற்றது மாமாவின் 1953 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு, மாமா அதை யாழ்ப்பாணத்திலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

எது திறம் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஓட்டச் சுகம் என்றால் சன்னிதான். பாரம் குறைவு, கியரும் இலகு. ஒஸ்ரினுக்கு ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர். 1200 சிசி என்ஜின், 42 குதிரைவலு. ஏற்றத்தில் முனகும். ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் புதிய ஜப்பான் கார்கள் பல கல்லில் ஏறி நிற்க, ஒஸ்ரின்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

காரணம் என்ஜினுக்குள் இருக்கிறது. ஒஸ்ரின், உள்ளே இழுக்கும் எரிபொருள் கலந்த காற்றை ஏறத்தாழ ஏழில் ஒன்றாகத்தான் அமுக்கும். சன்னி ஒன்பதில் ஒன்றாக அமுக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு; கூட அமுக்கினால் நேரத்துக்கு முதலே தானாக வெடித்துப் பிஸ்ரனைக் குத்தும். சன்னி ஓடவே ஓடாது என்றில்லை, ஆனால் என்ஜின் கெதியில் முடிந்துவிடும்.

குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் மாமா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, சேலைன் குழாயால் காபரேற்றருக்கு விடுவார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நிறுத்த முன் மறுபடி பெற்றோல், இல்லாவிட்டால் அடுத்தமுறை ஸ்டார்ட் வராது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அடிக்கடி ஒயில் மாற்றவேண்டும். அந்த நாளில் ஒயிலுக்கு எங்கே போவது?

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி நடந்தபோது, அம்மம்மாவும் அயலில் இரண்டு முதியவர்களும் அந்தக் காரில்தான் நாவற்குழிப் பக்கம் போனார்கள். சனத்துக்குள் கார் நடையை விட மெதுவாக ஊர்ந்தது. போத்தலில் இருந்த பெற்றோல் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணத்தான் போதும் என்பதால், மாமா விடியும்வரை என்ஜினை நிறுத்தவேயில்லை.

அந்த நேரம் இங்கே, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் கிடந்தன. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் அவற்றில் குண்டு போட்டன. பத்து வருடம் கழித்து, 1952 இல், ஜப்பானின் நிசான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்தது; பிறகு இதே ஏ40 சோமர்செற்றைத் தன் நாட்டில் பொருத்தத் தொடங்கியது. டட்சன் கார்களைச் செய்ததும் அதே நிசான்தான். ஆக, வேப்பமரத்தின் கீழ் நிற்பவை ஒருவகையில் குருவும் சீடனும்.

2022 இல் எரிபொருள் வரிசை நீண்டபோது பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து, “ஐயா, திரும்ப மண்ணெண்ணெயில ஓடலாம்தானே?” என்று மாமாவைக் கேட்டான்.

“ஓடலாம் தம்பி. மண்ணெண்ணெய் எங்க கிடக்கு, சொல்லு பாப்பம்” என்றார் மாமா.