திரையில் நிறையும் பட்டை

கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார் ஸ்டுடியோக்காரர். கம்ப்யூட்டர் திரையில் நீளமாக ஒரு பட்டை தெரிகிறது. அது இடப்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது. பக்கத்தில் சதவீதமும் ஏறுகிறது.

இந்தப் பட்டை எதற்கு? கம்ப்யூட்டர் செய்யும் வேலை வெளியே தெரியாது. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா? பட்டைதான் அதைச் சொல்கிறது. பிராட் மையர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி 1985-இல் கட்டுரை வெளியிட்டார். பட்டை தெரிந்தால் காத்திருப்பவர்களுக்குப் பிடிக்கிறது என்று அவர் கண்டார்.

கணக்கு எளிதுதான். மொத்தம் 400 படங்கள். 100 படங்கள் ஏறினால் கால் பட்டை நிறையும்.

ஆனால் பட்டை காட்டுவது முடிந்த வேலையை, நேரத்தை அல்ல. 400 படங்களுக்குப் பிறகு ஒரு பெரிய வீடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பட்டை சீக்கிரமே 99-க்கு வந்துவிடும். பிறகு வீடியோ ஏறும்வரை அங்கேயே நிற்கும். அளவையும் சேர்த்துக் கணக்கிடும் பட்டை இப்படி ஏமாற்றாது. 'மீதி 2 நிமிடம்' என்று வருவதும் உத்தேசம்தான்.

மொத்த வேலை எவ்வளவு என்று தெரியாவிட்டால் சிறு வட்டம் சுற்றும். எவ்வளவு பாக்கி என்று அது சொல்லாது.

99-இல் நிற்கிறதே என்று பென் டிரைவைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பாதி ஏறிய வீடியோ ஓடாமல் போகலாம். பட்டை நிறைந்த பிறகும் சில சமயம் உள்ளே எழுதும் வேலை நடக்கும். அதனால் கழற்றலாம் என்று திரையில் வந்த பிறகே கழற்ற வேண்டும். ஸ்டுடியோக்காரர் தன்னிடமுள்ள படங்களை அழிக்கும் முன், வீடியோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.