பழைய டிராக்டர்: அசல் பாகத்தைக் காட்டிக் கொடுக்கும் எண்கள்

புதுதில்லி: பத்து ஆண்டுகள் ஆன டிராக்டர்கள் கட்டாயமாக உடைக்கப்படும் என்று பரவிய தகவலை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023-ம் ஆண்டில் மறுத்தது. விவசாய டிராக்டரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம் என்று அது விளக்கம் அளித்தது.

ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி பகுதிகளில் பழைய டிராக்டரை நம்பியுள்ள சிறு விவசாயிகளுக்கு இது ஆறுதலான செய்தி. 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமான போதிலும், "ஏ.பி.03" என்ற பழைய சித்தூர் பதிவு எண்ணுடன் வந்த வண்டிகள் இரு மாவட்டங்களுக்கும் பொதுவானவை. ஆனால் பதிவைப் புதுப்பிக்க, சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்துப்போக வேண்டும். என்ஜினை மாற்றியிருந்தால் பதிவு அதிகாரியிடம் தெரிவித்திருக்க வேண்டும். எனவே, எது தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது, எது பிற்பாடு மாற்றப்பட்டது என்பதை அறிவது உரிமையாளருக்கு அவசியமாகிறது.

ஒரே வண்டி, பல பெயர்கள்: இந்திய டிராக்டர்களில் இது எளிதல்ல. 1963-ல் அமைந்த மஹிந்திரா கூட்டு முயற்சியில் "இன்டர்நேஷனல்" என்ற பெயரில் வந்த பி-275 வழிவந்த வண்டிகள் பின்னர் மஹிந்திரா பெயரைத் தாங்கின. ஃபரீதாபாதில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ஃபோர்டு வண்டிகளின் இடத்தை 1990-களில் "ஃபார்ம்டிராக்" பிடித்தது. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் உட்பாகங்கள் வேறுபடலாம். "டி.ஐ." என்ற எழுத்துகள் எரிபொருள் நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சப்படுவதைக் குறிப்பவை. முன்னறையில் பீச்சும் பழைய வகையின் சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டனும் இதற்குப் பொருந்தா.

எண் சொல்லும் சாட்சி: பெயின்டையும் ஸ்டிக்கரையும் எளிதில் மாற்றிவிடலாம். இரும்பு வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணை மாற்றுவது கடினம். ஃபோர்டு டிராக்டர் பாக எண்களில் முதல் எழுத்து பத்தாண்டையும், அடுத்த இலக்கம் ஆண்டையும் காட்டும். "சி5" என்றால் 1965. "டி8" என்றால் 1978. 1972-ல் வெளிவந்த ஃபோர்டு 3000 வண்டியில் "டி8" பாகம் இருந்தால், அது பின்னர் மாற்றப்பட்டது என்பது உறுதி. எனினும், இது பாகம் வடிவமைக்கப்பட்ட ஆண்டே தவிர தயாரிக்கப்பட்ட ஆண்டு அல்ல. ஆகவே, பழைய எண் இருப்பதாலேயே பாகம் அசல் என்று முடிவு செய்துவிட முடியாது.

கைவிடப்பட்ட எச்.எம்.டி.: மாஸி ஃபெர்குசன் வண்டி வைத்திருப்போருக்குக் கவலை குறைவு. அதைத் தயாரிக்கும் டாஃபே நிறுவனமும், என்ஜின் வழங்கும் சிம்சன் நிறுவனமும் சித்தூரில் இருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ள சென்னையில் இயங்குகின்றன. செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் தொழில்நுட்பத்துடன் 1971-ல் தொடங்கிய மத்திய அரசின் எச்.எம்.டி. டிராக்டர் பிரிவின் நிலை வேறு. பிஞ்ஜோரில் உள்ள அந்தப் பிரிவை மூட 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் வண்டிகளை ஓட்டுவோருக்கு வெளிச்சந்தைப் பாகங்களும் பழைய வண்டிகளில் இருந்து கழற்றியவையுமே கதி.

போலி வணிக முத்திரையுடன் பாகங்களை விற்றால் 1999-ம் ஆண்டு சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. டிராக்டருக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தபோது அதன் பல உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம் வசூலிக்கப்பட்டதும் போலிகளின் விலைக் கவர்ச்சியைக் கூட்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம்தான் வரி.

வரியைக் குறைத்தாயிற்று. ஆனால் அசல் எது என்று ஒப்பிட்டுப் பார்க்க, பாக எண் பட்டியல் விவசாயியின் கையில் இருக்க வேண்டும். தனியார் நிறுவனங்களை இதற்கு வற்புறுத்துவது கடினமாக இருக்கலாம். எச்.எம்.டி.யின் பட்டியல்களையும் வரைபடங்களையும் தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்வது, அந்த ஆலையை மூடிய மத்திய அரசின் கையிலேயே உள்ளது.