கிடை நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவுல ஒரு புழு

திருவக்கரை பக்கம் சங்கராபரணிக் கரையோரக் கொல்லைகளில் மல்லாட்டை, நெல் அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை மடக்குவோம். புழுக்கையும் மூத்திரமும் நேரா மண்ணில் இறங்கும். யூரியா போடாத என் கொல்லைக்கு அதுதான் அடியுரம். அந்தக் கிடைக்குக் காவல் நாய்தான்.

வெளிநாட்டு பார்டர் கோலி, ஆட்டை வளைத்து ஓட்டுகிற நாய். நம்ம கிடை நாய் ஓட்டாது. மந்தையை ஓட்டுறது மேய்க்கிறவர் குரல்தான். நாயோட வேலை ராத்திரிக் காவல். நரி, தெருநாய்க் கூட்டம், திருடன் எது வந்தாலும் முதலில் குரைக்கிறது அதுதான். கோம்பையும் ராஜபாளையமும்கூட காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன இனங்களே.

இந்த நாயைச் சரியா பராமரிக்கலைன்னா ஆட்டுக்கே ஆபத்து. இளம் ஆடு ஒன்று தலையைச் சாய்த்து, ஒரே பக்கமாகச் சுற்றி, மந்தையை விட்டு விலகி நிற்கும். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிப்பார்கள். பல நேரம் காரணம், மூளையில் வளர்ந்த நீர்க்கட்டி. அது நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். செத்த ஆட்டின் தலையை நாய் தின்றால், கட்டியில் இருப்பது நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். நாய்ப் பீயில் முட்டை வரும். புல்லோடு அதை ஆடு மேயும். இப்படியே சுற்றிச் சுற்றி வரும். வேறு மூளை நோயிலும் ஆடு சுற்றும் என்பதால், டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

இன்னொரு நாடாப்புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வைக்கும். அதன் முட்டை மனுசன் வயிற்றுக்குள் போனால் நமக்கும் அதே கட்டி வரும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் பிள்ளைகளுக்குத்தான் பயம் அதிகம்.

தடுப்பது சுலபம். தலை, ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீங்க. அரை மணி நேரமாவது கொதிக்க வைத்துப் போடுங்க. செத்த ஆட்டை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைங்க. ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாய்க்கு பிரசிகுவான்டல் மாத்திரை கொடுங்க. கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் கணக்கு; கால்நடை மருந்தகத்தில் எடையைச் சொல்லிக் கேளுங்க. உருண்டைப்புழுவுக்கு மட்டுமான மருந்து இதுக்குப் போதாது. மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாள் நாய்ப் பீயை அள்ளிப் புதைக்கணும்.

‘இயற்கை விவசாயிக்கு மாத்திரை எதுக்கு?’ன்னு கேட்பீங்க. மண்ணுக்கு விஷம் போடாம இருக்கிறது வேற, உயிருக்கு வைத்தியம் பார்க்கிறது வேற.

வெறிநாய்த் தடுப்பூசியை மூணு மாசத்துக் குட்டியிலேயே தொடங்கி வருசா வருசம் போடணும். யாரையாவது கடித்தால் காயத்தை ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

கிடை பேசும்போது ராத்திரிக்கு எவ்வளவு என்று மட்டும் பேசாதீங்க. ‘நாய்க்குப் பூச்சி மாத்திரை எப்போ கொடுத்தீங்க, ஊசி போட்டாச்சா?’ என்றும் கேளுங்க. கொடுக்கலைன்னா மாத்திரைச் செலவில் பாதியை நாம ஏத்துக்கலாம். எரு நம்ம கொல்லைக்குத்தானே வருது!