பெட்டியின் முகமும் முதுகும்

பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் பொடியெழுத்தை ஒருவரும் வாசிப்பதில்லை என்று சாளரத்தின் பின்னால் அமர்ந்து நாம் பல ஆண்டுகளாகக் குறைகூறி வந்திருக்கிறோம். அக்குறை நம்மையும் சேர்ந்ததே என்பதை 2025ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு சிறு காகிதப்பெட்டி நமக்கு உணர்த்திற்று.

ரேணிகுண்டா ரயில்வே குடியிருப்பில் நமக்கு அடுத்த வீட்டார் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஒன்றரை வயதுப் பெண்குழந்தைக்கு ஒரு நாள் விடியற்காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. தகப்பனார் இரவுப்பணி முடிந்து இன்னும் திரும்பவில்லை. "அண்ணா, கொஞ்சம் ஓ.ஆர்.எஸ். வாங்கி வந்து கொடுங்கள்" என்று அந்தச் சகோதரி கேட்டுக்கொண்டார். நாமே ஓடினோம். மருந்துக் கடையில்தான் வாங்கினோம். பெட்டியின் முகப்பில் அந்த மூன்றெழுத்து பெரிதாக இருந்தது. அருகே ஒரு பழத்தின் படம். தித்திப்பாக இருந்தபடியால் குழந்தை விரும்பிக் குடித்தது. ஆனால் போக்கு நிற்கவில்லை, அதிகப்பட்டது. மாலையில், கண்கள் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராத நிலையில் குழந்தையைத் திருப்பதிக்குத் தூக்கிச் சென்றோம்.

மருத்துவர் முதலில் கேட்டது, என்ன கொடுத்தீர்கள் என்பதே. பெட்டியைக் காட்டினோம். அவர் அதைத் திருப்பி, பொடியெழுத்தில் இருந்த ஒரு வரியைச் சுட்டினார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கலவை இதுவன்று என்று அதில் எழுதியிருந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய நமக்குப் புரியாத ஆங்கிலமும் அன்று அது. இரண்டு நாளில் குழந்தை தேறி வீடு திரும்பியது. நம் மனம் தேற அதற்கு மேலும் நாளாயிற்று.

முகப்பில் மருந்தின் பெயர், முதுகில் அதன் மறுப்பு. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சங்கத்து அன்பர்கள் அறிந்திருப்பது நலம்.

ஓ.ஆர்.எஸ். என்பது ஒரு நிறுவனத்தின் சரக்கன்று, ஓர் அளவு. 2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் திருத்தியமைத்தபடி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக 20.5 கிராம். குடலானது குளுக்கோஸையும் உப்பையும் சேர்த்து உட்கொள்ளும்போது தண்ணீரும் அவற்றின் பின்னே உடலுக்குள் செல்கிறது. சர்க்கரை அளவு மீறினாலோ காரியம் தலைகீழாகும். உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை மேலும் பெருக்கிவிடும். தித்திப்புப் பானங்கள் நோயுற்ற குழந்தைக்குச் செய்யும் கேடு இதுவே.

இந்த எளிய கலவையின் வலிமையை உலகுக்குக் காட்டியவர் ஓர் இந்தியர். 1971ஆம் ஆண்டில் வங்காளத்துப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கிற்று. 2022ஆம் ஆண்டில் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது.

இத்தகைய நற்பெயரைச் சில பான வியாபாரிகள் தம் பெட்டியின் முகப்பில் ஒட்டிக்கொண்டனர். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதனை எதிர்த்துப் போராடினார். தெலங்கானா உயர்நீதிமன்றத்தையும் நாடினார். நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஏப்ரலில் தடை விதித்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், மறுப்பு வரி ஒன்றை அச்சிட்டால் போதும் என்று தளர்த்தியது. நாம் வாசிக்கத் தவறியது அந்த வரியைத்தான். இறுதியில் 2025 அக்டோபர் 14ஆம் தேதி அந்த அனுமதியை ஆணையம் திரும்பப் பெற்றது. முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்தும்கூட உணவுப் பானங்களின் பெயரில் அம்மூன்றெழுத்து வரக்கூடாது என்பது உத்தரவு. எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றம் சென்ற ஒரு நிறுவனத்தின் மனு அம்மாத இறுதியில் தள்ளுபடியாயிற்று.

இவ்வழக்கு ஒன்றோடு விஷயம் தீரவில்லை. நம் சித்தூர்ச் சீமையின் கிளிமூக்கு மாம்பழம் கூழாகி நாடெங்கும் பானமாகிறது. அத்தகைய பழபானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பழச்சாறு இருந்தாலே சட்டத்துக்குப் போதும்; பெட்டியின் மேலுள்ள படத்திலோ முழுப் பழமும் தொங்கும்! "நூறு சதவிகிதச் சாறு" என்னும் வாசகத்தை நீக்கும்படி 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், மால்ட் பொடிகளை "ஆரோக்கிய பானம்" என்னும் தலைப்பில் விற்கலாகாது என்று இணைய வியாபாரிகளுக்குச் சொல்லியது. அப்படியொரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. கடலையெண்ணெய்ப் பெட்டியில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று காண்கிறோம். தாவர எண்ணெயில் அது முன்னும் இருந்ததில்லை. பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் சட்டம் வந்து சேரும்வரை குழந்தையின் வயிறு காத்திராது.

ஆகவே வீட்டார் நினைவில் வைக்கவேண்டியவை சில. மெய்யான ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து, பதினான்கு இலக்க உணவு உரிம எண் பெட்டியில் இருந்தால் அது உணவே, மருந்தன்று. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். அதில் குறித்த அளவுத் தண்ணீரில், கொதித்து ஆறிய நீரில், முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டி, ஒரு நாளுக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் அகப்படாத வேளையில் ஒரு லிட்டருக்கு ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிந்தாலும், சிறுநீர் நின்றாலும், குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

நம்மவர்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்டியின் விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் சட்டத்துக்குப் போதும். நம் தாய்மாருக்குத் தெரிந்தது தமிழ். கடைக்காரர் பேசுவது தெலுங்கு. இரண்டுக்கும் நடுவே பெட்டி மௌனமாக இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் நம் வீடுதோறும் இருக்கிறார்கள். சாமான் வந்திறங்கியதும் பெட்டிகளின் முதுகுப்பக்கத்தைப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் தமிழில் வாசித்துச் சொல்வதை அவர்கள் வேலையாக ஆக்குவோம். அடுத்த வீட்டுக் குழந்தை இப்போது நம் வாசலில்தான் விளையாடுகிறது. அதைக் காணும்போதெல்லாம், அன்று பெட்டியைத் திருப்பிப் பார்க்க நமக்கு வேண்டியிருந்தது அரை நிமிஷந்தானே என்று நினைத்துக்கொள்கிறோம்.